ஒப்புகைச் சீட்டு

தேர்தல் அறிவித்த மறுநாளே
ஸ்டேஷனுக்கு வரத் தொடங்கிவிடும்
உரிமத் துப்பாக்கிகள்.
நாகலூரிலிருந்து ஒன்று, கோணிக்குள்.
செம்மநத்தத்திலிருந்து ஒன்று, பைக்கின் பின்னால்
தூங்கும் பிள்ளையைப் போலத் துண்டால் கட்டப்பட்டு.
மஞ்சக்குட்டை எஸ்டேட் ஜீப்பில் இரண்டு.
நான் ஏற்காட்டு ரைட்டர்.
எண் சரிபார்ப்பேன், அட்டையில் பெயரெழுதி நூல் கட்டுவேன்,
ஒப்புகைச் சீட்டு கிழித்துக் கொடுப்பேன்.
அறைக்குள் அவை சுவரில் சாய்ந்து நிற்கும்,
வாக்குரிமை இல்லாதவர்களின் வரிசை.

இன்னாசிமுத்துவுடையது ஒற்றைக் குழல்.
உரிமத்தில் காரணம்: காட்டெருமை, பன்றி.
"வச்சுக்கங்க சார், அவசரமில்ல" என்றார்.
அந்த வருடம் காப்பிக்கு நல்ல விலை,
அவர் செடிகளில்தான் காப்பி இல்லை,
தண்டைப் புழு துளைத்திருந்தது.
இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

எழுபத்து மூன்று நாள்
அவர் துப்பாக்கி என்னிடம் இருந்தது.
அந்த எழுபத்து மூன்று நாளில் அவர்
பேத்தி ஞானஸ்நானத்துக்குக் கேக் வெட்டினார்,
வேலியைப் பிரித்து மறுபடி கட்டினார்,
ஒருநாள் மழையில் நனைந்தபடி வந்து
யாருக்கு ஓட்டு என்று டீக்கடையில் சண்டை போட்டார்.
முடிவு வந்தது. எல்லோரும் வாங்கிப் போனார்கள்.
அவர் வரவில்லை.
நான்தான் போன் செய்தேன்.
ஒருமுறை இல்லை, மூன்று முறை.
"ஸ்டோர்ல இடமில்லீங்க, வந்து எடுத்துட்டுப் போங்க."

வந்தார். கையெழுத்துப் போட்டார்.
ஐந்தாம் நாள் காலை
அவர் வீட்டுக்கு நான் போனது
வேறொரு படிவத்தோடு.
காரணம் என்ற இடத்தில்
மனமுடைந்து என்று எழுதினேன்.
கோப்பு மூடியது. அதற்குக் கதவு இல்லை, மூடிக்கொண்டது.

பிறகு சேலத்தில் ஒரு கூட்டம்,
கலெக்டர் ஆபீஸ் மாடியில், மின்விசிறி மட்டும் பேசாத அறை.
உரிமத்தைக் குறைப்பதா கூட்டுவதா.
விவசாயிகள் தரப்பு: ஒரு ராத்திரி பன்றி வந்தால் தெரியும் உங்களுக்கு.
எதிர்த் தரப்பு: ரவுடி, கள்ளத் துப்பாக்கி, கூலிப்படை.
இரண்டு தரப்பின் பேச்சிலும்
குழல் வெளியே பார்த்தே இருந்தது.
என் சட்டைப்பையில் ஒரு தாள்.
பன்னிரண்டு வருடம், எங்கள் ஸ்டேஷன் எல்லை:
உரிமத் துப்பாக்கியால் இறந்த திருடன் யாருமில்லை.
பங்காளிச் சண்டையில் ஒருவர்.
உரிமம் வைத்திருந்தவரே, மூவர்.
ஆயுதக் குற்றப் பட்டியலில் அந்த மூவர் இல்லை,
அது குற்றத்துக்கான பட்டியல்.
பயிர்ச் சேதப் பட்டியலிலும் இல்லை.

யாரோ ஒருவர், பின்வரிசை, கேட்காமலேயே சொன்னார்:
"சாகணும்னு நெனச்சவன் எப்படியும் சாவான், விடுங்க."
அந்த எப்படியும் என்ற சொல்லுக்கு
என்னிடம் எழுபத்து மூன்று நாள் ரசீது இருக்கிறது, அய்யா.
தேதியும் முத்திரையும் போட்டது.
சொல்லவில்லை.
கோப்பு தூக்கிப் போனவன் நான்.
வடையும் காப்பியும் வந்தன.
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை
அந்தத் தாளை மடித்து மடித்து
பஸ் டிக்கெட் அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

இந்தத் தேர்தலும் முடிந்தது.
நேற்று கொட்டச்சேட்டுப் பொன்னுரங்கம் வந்தார்.
சட்டைப் பித்தான் ஒன்று தப்பி ஏறியிருந்தது.
சீட்டை நீட்டினார்.
"தூக்கம் வருதாங்க?" என்று கேட்டேன்.
இதை நான் எல்லோரிடமும் கேட்கிறேன் இப்போது,
எல்லோரும் சிரிக்கிறார்கள்.
இவர் சிரிக்கவில்லை.
"ஸ்டோர் சாவி காணோம். திங்கக்கிழமை வாங்க.
இப்ப உக்காருங்க, டீ சொல்றேன்."
சாவி என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது.
விதிப்படி இது தவறு. எந்த விதி என்றும் தெரியும்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசவில்லை.
இன்று அவர் மனைவி வந்தாள், தனியாக,
வாசலிலேயே நின்று கேட்டாள்:
"சாவி கெடச்சுதுங்களா?"
"இல்லம்மா. தேடிட்டிருக்கோம்."
என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"மெதுவாவே தேடுங்க" என்றாள்.